ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள்

வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்க எது நல்ல வழி?

பாகூருக்குப் படிப்பு புதிதல்ல.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு "வித்யாஸ்தானம்" என்று பெயர். கி.பி. 9-ம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் அந்தக் கல்லூரியின் செலவுக்காக மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்தான். இந்தச் செய்தி பாகூர்ச் செப்பேட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மூன்று கிராமங்களின் வருமானம் ஒரு கல்லூரியைத் தாங்கியது!

இன்று பாகூரிலோ வில்லியனூரிலோ மேலே படிக்க ஆசைப்படுகிறவருக்குக் கிராமம் கொடுக்க மன்னன் இல்லை. ஒரே ஒரு மாதச் சம்பளம்தான் உண்டு. அதில் அரிசி, பருப்பு, பால், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டுக் கடன், வயதான பெற்றோரின் மருந்து எல்லாம் போக, மிஞ்சுவதில் படிக்க வேண்டும்.

அப்படியும் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கொம்யூன்களில் நிறைய உண்டு. வில்லியனூர்ப் பக்கம் சேதராப்பட்டிலும் வடமங்கலத்திலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி வருகிறது.

"எனக்கு வேலை தெரியும். ஆட்களும் என் பேச்சைக் கேட்கிறார்கள். ஆனால் மேனேஜர் நாற்காலி மட்டும் ஏன் வரவில்லை?"

"எம்.பி.ஏ. இல்லை" என்று பதில் வருகிறது.

வீட்டில் ஒரு பேச்சு

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் வில்லியனூர். கணவருக்கு வயது 35. என்ஜினீயரிங் பட்டதாரி. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு பெண், ஒரு பையன். வீட்டில் மாமியாரும் இருக்கிறார்.

ஒருநாள் இரவு அவர் செல்போனை மனைவியிடம் காட்டுகிறார்.

"இத பாரும்மா. வேலைய விடாமலே எம்.பி.ஏ. படிக்கலாமாம். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. பத்து லட்சம். பாங்க்குல கடன் தருவாங்க."

மனைவி விளம்பரத்தைப் படிக்கிறார். பிறகு நான்கு கேள்விகள் கேட்கிறார்.

"படிங்க, நான் வேணாம்னு சொல்லல. இதப் படிச்சா ஆபீசுல உங்களுக்கு என்ன மாறும்? பட்டம் குடுக்கறது யாரு? ஞாயித்துக்கிழம நீங்க இல்லன்னா எங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்கு யாரு அழச்சிக்கிட்டுப் போறது? பத்து லட்சத்த எத்தன வருசம் கட்டணும்?"

கணவரிடம் பதில் இல்லை.

பத்து லட்சத்தைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன், இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

யுத்த காலத்தில் பிறந்த படிப்பு

எம்.பி.ஏ. என்றால் வணிக நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-ல் இதைத் தொடங்கியது. முதலில் இது இளைஞர்கள் முழுநேரமும் படிக்கிற படிப்பாகவே இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1943-ல், சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு புது வழியைக் கண்டது. உத்தியோகத்தில் இருப்பவர் உத்தியோகத்தை விடாமல் படிக்கலாம் என்றது. எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. பிறந்த கதை இதுதான்.

நம் நாட்டில் 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். என்ற நிர்வாகக் கல்வி நிலையங்கள் தோன்றின. திருச்சியில் 2011-ல் ஓர் ஐ.ஐ.எம். வந்தது.

கணக்கு வைப்பது, சரக்கை விற்பது, ஆட்களை நிர்வகிப்பது, உற்பத்தியைத் திட்டமிடுவது, பணத்தை முதலீடு செய்வது ஆகியவை இதில் பாடங்கள். இளைஞர் புத்தகத்தில் படிப்பதை வேலை பார்க்கிறவர் தன் அனுபவத்தோடு சேர்த்துப் படிக்கிறார். பக்கத்து நாற்காலியில் ஒரு பாங்க் அதிகாரியும், எதிரே ஓர் ஆஸ்பத்திரி நிர்வாகியும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்வதும் படிப்பில் ஒரு பங்கு.

நான்கு வழிகள்

வேலை பார்க்கிறவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தபால்வழி அல்லது ஆன்லைன் எம்.பி.ஏ. வீட்டிலிருந்தே படிக்கலாம். பொதுவாக இரண்டு வருடம். செலவு குறைவு. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். அது 1995-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கி, எம்.பி.ஏ. பாடங்களையும் நடத்தி வந்திருக்கிறது. டில்லியில் உள்ள இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எம்.பி.ஏ. நடத்துகிறது.

இரண்டாவது வழி, வார இறுதி வகுப்பு. சனி, ஞாயிறுகளில் வகுப்புக்குப் போக வேண்டும். சில இடங்களில் பாதி வகுப்பு நேரில், பாதி வகுப்பு ஆன்லைனில் நடக்கும். சென்னை ஐ.ஐ.டி. இப்படி எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. நடத்துகிறது. செலவு பல லட்சம்.

மூன்றாவது வழி, ஒரு வருட முழுநேரப் படிப்பு. ஆமதாபாத் ஐ.ஐ.எம். 2006-ல் இதைத் தொடங்கியது. அனுபவம் உள்ளவர்களுக்கானது. ஆனால் வேலையை விட வேண்டும், ஊரையும் விட வேண்டும்.

நான்காவது வழி, சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு. ஒரு குறிப்பிட்ட விஷயத்தைக் கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் இது பட்டம் அல்ல.

இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால் பொதுவான பதில் கிடையாது. மனைவி கேட்ட நான்கு கேள்விகளுக்கும் எந்த வழி ஒத்துவருகிறதோ அதுவே அந்த வீட்டுக்கு நல்ல வழி.

முதல் கேள்வி: ஆபீசில் என்ன மாறும்?

இதற்குப் பதில் கல்லூரியிடம் இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் ஆபீசில் மேலதிகாரியைப் பார்த்து வெளிப்படையாகக் கேட்க வேண்டும். "எம்.பி.ஏ. படித்தால் எனக்கு எந்தப் பதவி கிடைக்கலாம்? தபால்வழிப் பட்டத்தை ஏற்றுக்கொள்வீர்களா? பரீட்சைக்கு லீவு உண்டா? படிப்புச் செலவில் கம்பெனி பங்கு தருமா?"

சில கம்பெனிகள் படிப்புச் செலவைக் கொடுக்கும். பதிலுக்கு இத்தனை வருடம் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று எழுதி வாங்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் காகிதத்தை முழுவதும் படிக்க வேண்டும்.

அரசாங்க ஊழியராக இருந்தால், சேருவதற்கு முன்பே இலாகாவிடம் அனுமதி கேட்பது அவசியம். படித்து முடித்த பிறகு கேட்டால், பட்டம் பதிவேட்டில் ஏறுவதற்கே சிக்கல் வரலாம்.

"எங்களுக்கு எம்.பி.ஏ. முக்கியமில்லை, இந்தப் புது இயந்திரத்தின் கணக்கைப் படித்தால் போதும்" என்று மேலதிகாரி சொன்னால்? அதுவும் லாபம்தான். இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்போடு வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: பட்டம் கொடுப்பது யார்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை எல்லாருக்கும் இல்லை. 1956-ம் வருடத்து பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இதைத் திட்டமாகச் சொல்கிறது. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமும், பாராளுமன்றச் சட்டம் அதிகாரம் கொடுத்த நிலையமும் மட்டுமே பட்டம் கொடுக்கலாம். மற்ற நிர்வாகக் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதியோடு டிப்ளமா கொடுக்கின்றன. அதற்குப் பி.ஜி.டி.எம். என்று பெயர்.

ஐ.ஐ.எம்.களே நெடுங்காலம் டிப்ளமாதான் கொடுத்து வந்தன. 2017-ல் தனிச் சட்டம் வந்தது. அது 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகே அவை எம்.பி.ஏ. பட்டம் கொடுக்கத் தொடங்கின. ஆகவே டிப்ளமா என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கையில் வரப்போவது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா என்பது சேரும்போதே தெரிந்திருக்க வேண்டும். பெரிய கல்வி நிலையத்தின் பெயரைப் பார்த்துப் பட்டம் என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் சான்றிதழோடு திரும்பினால் வருத்தம்தான் மிஞ்சும்.

தபால்வழி, ஆன்லைன் பட்டங்கள் மட்டமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் அனுமதியோடு நடத்தும் தபால்வழி, ஆன்லைன் பட்டங்கள், கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-ல் அறிவித்திருக்கிறது. தனியார் கம்பெனி அதை எப்படி மதிக்கும் என்பது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால்தான் முதல் கேள்வி முதலில் வந்தது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி முகவரியும் இடம்பெற்றது உண்டு. "போலி என்பது டில்லியிலும் பீகாரிலும்தான்" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2024-ல் "பத்து நாளில் எம்.பி.ஏ." என்று ஆசை காட்டுகிறவர்களைப் பற்றியும் அது எச்சரித்தது. பத்து நாளில் நெல்லே முளைத்து நாற்றாவதில்லை. எம்.பி.ஏ. எப்படி வரும்?

கவனிக்க வேண்டியவை இவை:

பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. இந்த வருடம், இந்தப் படிப்பை, இந்த முறையில் நடத்த அதற்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது.

தபால்வழி, ஆன்லைன் படிப்பில் சேருகிறவர் அதே இணையதளத்தில் டி.இ.பி. எண் என்ற அடையாள எண் வாங்க வேண்டும் என்ற விதி 2024-ல் வந்தது. அந்த எண்ணை மாணவரே வாங்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜெண்டு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தபால்வழிப் படிப்பை வேறொருவர் பெயரில் குத்தகைக்கு விட்டு நடத்த விதி இடம் கொடுக்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தபால்வழிப் படிப்பு மையம் வைக்கவும் கூடாது. பாகூர்க்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பஸ் ஏறினால் சற்று நேரத்தில் கடலூர், அதாவது தமிழ்நாடு! எந்தப் பலகை எந்த எல்லையில் தொங்குகிறது என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

இன்னொன்று. எம்.பி.ஏ.வில் சேர இளங்கலைப் பட்டம் வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமா மட்டும் படித்தவர், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், நேராகச் சேர முடியாது. "அனுபவத்தைப் பட்டமாக மாற்றித் தருகிறோம்" என்பவர் பேச்சை நம்ப வேண்டாம். அவர்கள் முதலில் பி.காம்., பி.பி.ஏ. போன்ற ஒரு பட்டம் வாங்கிவிட்டுத்தான் எம்.பி.ஏ.வுக்கு வர வேண்டும். வழி நீளம். ஆனால் நேரான வழி.

மூன்றாவது கேள்வி: ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

இரண்டு வருடத்தில் 104 ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

ஒன்றுவிட்டு ஒரு வாரம் சென்னைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை போய்வர 300 கிலோமீட்டருக்குக் குறையாது. 50 தடவை என்றால் 15,000 கிலோமீட்டர்! திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு மறுபடி சேதராப்பட்டில் நிற்க வேண்டும்.

உடம்பு தாங்குமா என்று யோசிக்க வேண்டும். வீடு தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

கல்யாணம், காதுகுத்து, திருவிழா, பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சை எல்லாம் இந்த இரண்டு வருடத்துக்குள்தான் வரும். கணவர் படிக்கும்போது மனைவியும் இரண்டு மடங்கு வேலை செய்கிறார். மனைவி படிக்கும்போது கணவர் அடுப்படிக்குப் போக வேண்டும். இதைப் பேசி ஒத்துக்கொள்ளாமல் சேருகிறவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

வீட்டிலிருந்து படிப்பதிலும் கஷ்டம் உண்டு. அடிக்க வாத்தியார் இல்லை, அழைக்க மணி இல்லை. தானே தினம் ஒரு மணி நேரம் உட்காரப் பழக வேண்டும். ஒரு சின்னச் சோதனை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம், தினம் இரவு 9 மணிமுதல் 10 மணிவரை ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். முப்பது நாளில் இருபது நாளாவது உட்கார முடிந்தால் படிப்பை முடித்துவிடலாம்.

நான்காவது கேள்வி: பணம்

பத்து லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 11. ஐந்து வருடத் தவணை. இப்படி வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 21,750 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து வருடம் முடியும்போது 13 லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்போம்.

அதாவது, படித்த பிறகு கைக்கு வரும் சம்பளம் மாதம் 21,750 ரூபாய் உயர்ந்தால்தான் கடன் தானாக அடையும். அதற்குக் குறைவாக உயர்ந்தால், மீதி வீட்டுச் செலவிலிருந்து போகும்.

"எங்களிடம் படித்தவர்களுக்குச் சம்பளம் இரண்டு மடங்கு" என்று விளம்பரம் சொல்லலாம். அதில் யாருடைய சம்பளம், எந்த ஊரில், எந்தத் தொழிலில் என்று கேட்க வேண்டும். பம்பாயில் பாங்க் அதிகாரிக்குக் கிடைத்தது வில்லியனூரில் சூப்பர்வைசருக்குக் கிடைக்க வேண்டும் என்று இல்லை. நம் தொழிலில் இருந்து படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுவது, நூறு விளம்பரத்துக்குச் சமம்.

பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சைக் கட்டணம், புத்தகம், பஸ் செலவு தனியா என்றும் கேளுங்கள். வீட்டு நகையை அடகு வைத்துச் சேருவது கடைசி வழியாக இருக்கட்டும்.

இரண்டு பேர், இரண்டு முடிவு

நம் உதாரணக் குடும்பத்துக்கு வருவோம். வில்லியனூர்க் கணவர் மறுநாள் ஆபீசில் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். "அங்கீகாரம் உள்ள எந்த எம்.பி.ஏ. என்றாலும் போதும், துணை மேனேஜர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம்" என்று பதில் வந்தது. அப்படியானால் அவர் பத்து லட்சம் செலவழித்துச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. அனுமதி பெற்ற தபால்வழிப் படிப்போ ஆன்லைன் படிப்போ போதும். ஞாயிற்றுக்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். இரவில் பையன் வீட்டுப்பாடம் எழுதும் மேஜையிலேயே அப்பாவும் உட்காரலாம்.

கிருமாம்பாக்கம் பக்கம் இருக்கும் ஒரு நர்ஸ் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பி.எஸ்ஸி. நர்சிங் பட்டதாரி. 14 வருட அனுபவம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு மாற விரும்புகிறார். அவருக்கு வெறும் எம்.பி.ஏ. போதாது; மருத்துவமனை நிர்வாகத்தை விசேஷப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் இந்தப் பிரிவு இருந்து வந்திருக்கிறது. இந்த வருடம் அதற்கு அனுமதி உண்டா என்று பட்டியலில் பார்த்துவிட்டு, பாகூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள காலாப்பட்டுக்கு ஒருநாள் நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாம். பஸ் காசு மட்டும்தான் செலவு.

பெரிய கம்பெனிக்கு மாறி, வெளியூர் போகவும் தயாராக இருப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவருக்கு வார இறுதி வகுப்பின் பெயரும், அங்கே கிடைக்கும் பழக்கமும் செலவழித்த பணத்தைத் திருப்பித் தரலாம்.

கடைசியாக

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுங்கள். அந்த மனைவி கேட்ட நான்கு கேள்விகளையும் எழுதுங்கள். என்ன மாறும்? யார் கொடுக்கிறார்? நேரம் எங்கே? பணம் எங்கே? ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலை எழுதுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த வாரம் பணம் கட்டாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த வாரம் மறுபடி உட்காருங்கள்.

"இன்று கடைசி நாள், நாளை கட்டணம் உயரும்" என்று ஏஜெண்டு டெலிபோனில் அவசரப்படுத்துவார். நல்ல படிப்பு அடுத்த வருடமும் இருக்கும்.

பாகூர்க் கல்லூரிக்கு மன்னன் கொடுத்த தானம் செப்பேட்டில் ஏறியது. இன்று வில்லியனூரிலும் பாகூரிலும் ஒருவரைப் படிக்க வைக்க வீடு கொடுக்கும் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் எந்தச் செப்பேட்டிலும் ஏறாது. அதனால்தான் அவற்றைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.